பெண்ணையாற்று வெள்ளம்: எதற்கு முதலில் பணம், எது பொறுக்கும்

வெளிநாட்டில் இருக்கும் ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

ஐப்பசி பிறக்கப்போகிறது. புயல் அடித்த பிறகு ஆளாளுக்கு "என்ன அனுப்பட்டும்?" என்று கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது. இப்போதே பேசிவைத்தால் அன்றைக்குக் கை ஓடும். அரிசியும் துணிமணியும் அரசும் அக்கம்பக்கமும் எப்படியும் கொடுத்துவிடுகிறார்கள். ஒருநாள் தாமதித்தால் ஒருநாள் அளவுக்குக் கெட்டுப்போகிற பொருள்கள் இருக்கின்றன. படகு எஞ்சின், கிணறு, ஒயரிங், வீட்டுக்குள் நிற்கும் சேறு. நம் பணம் முதலில் அங்கேதான் போகவேண்டும் என்பது என் கருத்து.

முதலில் 2024ஐ ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று, புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியது. மறுநாள் நம் பக்கம் மழை விட்டதும் எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஆனால் மழை மேற்கே போய் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. அந்தத் தண்ணீரெல்லாம் பெண்ணையாற்றுக்குத்தான் வரும். சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 விடியற்காலை விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி திறந்தார்கள். கடலூரில் உப்பலவாடி, நாணமேடு, தாழங்குடா பக்கம் வீடுகளுக்குள் ஏறியது அந்தத் தண்ணீர்தான். போதாததற்கு டிசம்பர் 1 அமாவாசை. கடல் ஓதம் அதிகமாக இருக்கும் நாட்கள் என்பதால், ஏற்றத்தின்போது முகத்துவாரத்தில் ஆறு வடிய இடம் குறைவு.

ஆகவே புயல் கரையைக் கடந்த செய்தியோடு போனை வைத்துவிடாதீர்கள். அடுத்த மூன்று நாள் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்ட மழையளவையும், கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை திறப்பையும் பாருங்கள். சாத்தனூரின் முழு மட்டம் 119 அடி. அதை ஒட்டி நீர் நிற்கும்போது மேலே கனமழை என்றால் வருவது அப்படியே கீழேதான் இறங்கும். இதில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஊரில் விடியற்காலை 3 மணி என்றால் பாரிஸில் முதல்நாள் இரவு 10.30, சிங்கப்பூரில் காலை 5.30. ஊர் தூங்கும் நேரத்தில் நீங்கள் விழித்திருக்கிறீர்கள். ஆற்றோரத் தெருவுக்கு இரண்டு பேர் என்று போன் எண் வைத்துக்கொண்டு, திறப்பு கூடினால் எழுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் செய்தி போட்டால் மட்டும் போதாது, மணி அடிக்கவேண்டும்.

முகத்துவாரம் பற்றியும் ஒரு வார்த்தை. கோடையில் அலை மணலைத் தள்ளி வாயை மூடிவிடும். வெள்ளம் வந்தால் தானே உடைத்துக்கொள்ளும் என்று விட்டால், உடைவதற்குள் தண்ணீர் தெருவில் நிற்கும். முழு அகலத்துக்கும் வெட்டவேண்டியதில்லை. ஆற்றுமட்டம் கடல் மட்டத்தைவிட உயர்ந்தபின், ஓதம் வடியத் தொடங்கும் நேரத்தில் ஒரு பொக்லைன் அகலத்துக்குக் கால்வாய் இழுத்தால் போதும், ஓட்டமே அகலப்படுத்திக்கொள்ளும். ஏற்றத்தில் வெட்டினால் கடல் உள்ளே வந்து மணலை மறுபடி நிரப்பிவிடும். நீர்வளத்துறைக்கு ஊர்ப் பஞ்சாயத்து மனு இப்போதே போயிருக்கவேண்டும்.

இனி எஞ்சின். முங்கிய எஞ்சினை வெளியே எடுத்ததும் எல்லாரும் செய்கிற தவறு, ஓடுகிறதா பார்ப்போம் என்று கயிற்றை இழுப்பது அல்லது ஹேண்டில் போட்டுச் சுற்றுவது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும். தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே ஏறும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எண்ணெய் மாற்றினால் சரியாகியிருக்கவேண்டிய எஞ்சின் அந்த ஒரு இழுப்பில் லேத் பட்டறைக்குப் போகிறது.

உப்புத் தண்ணீரில் முங்கியது காற்றுப் பட்ட நிமிடத்திலிருந்து துரு ஏறத் தொடங்கும். மெக்கானிக் வர நாளாகும் என்றால் வெயிலில் காயவிடுவது மோசம். நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் எஞ்சினை முழுக்க மூழ்கடித்து வையுங்கள். கேட்க வினோதமாக இருக்கும், ஆனால் காற்றுப் படாமல் இருப்பதுதான் முக்கியம். ஆள் வந்ததும் நல்ல தண்ணீரால் உப்பையும் சேற்றையும் அடித்துக் கழுவவேண்டும். பெட்ரோல் எஞ்சின் என்றால் பிளக்கையும், டீசல் என்றால் இன்ஜெக்டரையும் கழற்றிவிட்டுக் கையால் மெதுவாகச் சுற்றினால் தண்ணீர் ஓட்டை வழியாகப் பீச்சும். சுற்ற மறுத்தால் பலம் போடக்கூடாது, பிரித்துத்தான் பார்க்கவேண்டும். டேங்க், பில்டர், கார்புரேட்டர் எல்லாவற்றையும் வடித்துவிட்டு, சிலிண்டருக்குள் சுத்தமான எண்ணெய் ஊற்றிப் பத்துப் பன்னிரண்டு சுற்று. பிறகு எஞ்சின் ஆயில். வடிப்பது பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். புது ஆயில் ஊற்றி, குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டி, சூட்டோடு வடிக்கவேண்டும். நிறம் தெளியும்வரை இரண்டு மூன்று தடவை இதையே செய்யவேண்டும். கியர் ஆயிலும் அதே வெள்ளையாக வந்தால் சீல் போயிருக்கும். ஆயில், பில்டர், பிளக் வாங்க முதல் இரண்டு நாளில் கையில் பணம் இருந்தால் எஞ்சின் பிழைக்கும். பத்தாம் நாள் நாம் அனுப்புகிற பெரிய தொகை புது எஞ்சினுக்கு முன்பணமாகத்தான் ஆகும்.

பைபர் படகு அப்படி இல்லை, கொஞ்சம் பொறுக்கும். பொறுக்கவும் வேண்டும். மரத்தில் மோதி, கல்லில் உரசி விரிசல் விட்ட படகை மூன்றாம் நாளே ஒட்டுகிறார்கள், ஒரு மாதத்தில் ஒட்டு தோலாக உரிந்து வருகிறது. ஈரமான பைபரில் ரெசின் (ஒட்டும் பிசின்) பிடிக்காது என்பதுதான் காரணம். முதலில் ஒரு ரூபாய்க் காசால் விரிசலைச் சுற்றித் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கணீரென ஒலிக்கும். அடுக்கு விட்ட இடம் அட்டையைத் தட்டியதுபோலப் பொத்தென்று கேட்கும். ஒலி மாறுகிற இடம்வரை சாக்குக்கட்டியால் கோடு போட்டு, அதுவரைக்கும் வெட்டி எடுத்தாகவேண்டும். கண்ணுக்குத் தெரிகிற விரிசலை மட்டும் மூடினால் உள்ளே தண்ணீர் ஊடுருவும்.

வெட்டிய விளிம்பைச் சரிவாகத் தேய்க்கவேண்டும். படகின் சுவர் 6 மி.மீ. கனம் என்றால் சரிவு சுற்றிலும் 7 செ.மீ.யாவது வரவேண்டும், அதாவது கனத்தைப்போல 12 மடங்கு. நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, நிழல்படக் கவிழ்த்து, நாலைந்து வெயில் நாள் காயவிடுங்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் (கண்ணாடியிழைப் பாய்) ஒரு அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. கனம் தரும், ஆக 6 மி.மீ.க்கு ஆறு அடுக்கு. ஒரு கிலோ மேட்டுக்கு இரண்டு முதல் இரண்டரை கிலோ ரெசின் பிடிக்கும். இந்தக் கணக்கு தெரிந்தால் கடைக்காரர் சொல்லும் அளவை நாமே சரிபார்க்கலாம். ஹார்டனர் (ரெசினை இறுகவைக்கும் மருந்து) ரெசினில் 1 முதல் 2 சதவீதம். வெயிலில் கூட்டிப் போட்டால் கலக்கும் டப்பாவிலேயே இறுகிவிடும். ஒரு எச்சரிக்கை: ஹார்டனரையும், இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி, பிறகுதான் ஹார்டனர். புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் இதைச் சொல்லாமல் டப்பாக்களைக் கையில் கொடுக்காதீர்கள்.

கிணறு விஷயத்தில் நல்ல மனசோடு செய்கிற கெடுதல் ஒன்று உண்டு. மோட்டார் வாடகைக்கு எடுத்துவந்து அடிவரை இறைத்துவிடுவது. நம் கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் இருந்தால் கீழே சுமார் 40 அடிவரை நல்ல நீர் நிற்கும். மேலே ஓர் அடியை வேகமாக இறைத்து எடுத்தால் கீழிருந்து உப்பு கூம்பாக எழும்பி வரும். 2004 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புப் பக்கம் கிணறுகளை இப்படி மோட்டார் வைத்து இறைத்தார்கள், உப்பு அதனால் குறையவில்லை. மழைதான் குறைத்தது. இன்னொன்று, வெளியே மண் ஊறிக் கிடக்கும்போது உள்ளே தண்ணீரைச் சட்டென்று காலி செய்தால் உறை சரியும்.

ஆகவே மிதக்கும் குப்பையை எடுத்து, அடிச்சேற்றை வாளியால் நிதானமாக அள்ளி, நீர் பழைய மட்டத்துக்கு ஊறியபிறகு மருந்து. ஒரு மீட்டர் விட்டமுள்ள உறைக்கிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 2,400 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 60 கிராம் ப்ளீச்சிங் பவுடர் என்று வைத்து, இதற்கு 150 கிராம். பழைய மூட்டையில் வீரியம் குறைந்திருக்கும், மூக்கைத் துளைக்கிற நெடி இல்லாவிட்டால் அதை நம்பாதீர்கள். பவுடரை நேராகக் கொட்டாமல் வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு படிந்ததும் தெளிந்ததை மட்டும் ஊற்றவேண்டும். ஓர் இரவு விட்டு, மறுநாள் நெடி போகும்வரை மெல்ல இறைக்கலாம். அதன்பிறகும் குடிக்கக் கொதிக்கவைத்த நீர்தான். கழிவறைத் தொட்டி நிரம்பி வழிந்த தெருவில் கிணறு பத்து நாளில் மறுபடி கெடும், மருந்தையும் மறுபடி போடவேண்டும்.

ஒயரிங்கில் உயிர் போகிறது, அதனால் சுருக்கமாக ஆனால் கண்டிப்பாகச் சொல்கிறேன். மின்வாரியம் லைனை நிறுத்திவிட்டது என்று சுவிட்ச் பாக்ஸில் கை வைக்காதீர்கள். இன்வெர்ட்டர் உள்ளிருந்து கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் மற்றது. முங்கிய எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. (கோளாறு வந்தால் தானாக விழும் சுவிட்சுகள்) எதையும் காயவைத்துத் திரும்பப் போடக்கூடாது, குப்பைதான். ஒயர் கெடாமல் இருக்கலாம், ஜாயின்ட்டும் பைப்புக்குள் நிற்கும் தண்ணீரும்தான் பிரச்சினை. பாக்ஸ் மூடிகளைத் திறந்து, சேற்றைக் கழுவி, காற்றாட விட்டு, மெக்கர் (ஒயரின் மின்காப்பை அளக்கும் கருவி) வைத்து அளந்து 1 மெகா ஓமுக்கு மேல் காட்டினால் மட்டும் மெயினைப் போடலாம். தெருவுக்கு ஓர் எலக்ட்ரீஷியனை மூன்று நாள் கூலிக்கு நாம் அமர்த்தினால் முப்பது வீட்டுக்கு உபகாரம்.

வீட்டுச் சேற்றை ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிடவேண்டும். காய்ந்தால் மண்வெட்டி இறங்காது. தள்ளுவதற்கு முன் ஒரே ஒரு வேலை: சுவரில் தண்ணீர் நின்ற கோட்டின் பக்கத்தில் டேப்பைப் பிடித்து, வாசல் கதவு தெரிகிற மாதிரி போட்டோ. பிறகு வி.ஏ.ஓ. பட்டியல் எடுக்க வரும்போது சுத்தமான வீட்டைப் பார்த்துப் பெயர் விட்டுப்போவதுண்டு. 2024இல் அரசு அறிவித்தது குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய், சேதமான குடிசைக்கு 10,000, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாழான நெற்பயிருக்கு எக்டேருக்கு 17,000, மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. படகு, எஞ்சின், வலைக்குக் கணக்கெடுப்பு மீன்வளத்துறையில் தனி. அங்கே படகின் பதிவு எண் தெரிகிற போட்டோ இல்லாவிட்டால் பேச்சே கிடையாது. மழைக்கு முன் எல்லாரும் ஒரு படம் எடுத்து வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ அனுப்பிவைக்கட்டும். சுவருக்குப் பெயின்ட் அடிக்க யாராவது பணம் கேட்டால் பங்குனிவரை பொறுக்கச் சொல்லுங்கள், உப்பு வெளியே வந்து அடங்கவேண்டும்.

வயலில் மணல் இரண்டு மூன்று அங்குலம் என்றால் உழுது மடக்கிவிடலாம். அதற்கு மேல் என்றால் அள்ளத்தான் வேண்டும், ஆனால் அனுமதி வாங்காமல் வண்டியேற்றி வெளியே கொண்டுபோனால் மணல் வழக்கு வரும்.

கடைசியாகப் பணம் அனுப்பும் வழி. இந்திய பாஸ்போர்ட்டில் இருக்கிற அண்ணன்மார் தங்கள் சம்பாத்தியத்தை வங்கி வழியாக ஊர்ச் சங்கக் கணக்குக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பிரெஞ்சு, சிங்கப்பூர் குடியுரிமை எடுத்தவர்கள், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். வெளிநாட்டு நன்கொடைப் பதிவு இல்லாத சங்கம் அவர்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. நல்ல எண்ணத்தில் போட்ட பணம் ஊரில் பொறுப்பில் இருக்கிற பெரியவர்களை வழக்கில் மாட்டிவிடும். அவர்கள் தங்கள் சொந்தக்காரர் கணக்குக்கு அனுப்பலாம், தடை இல்லை. ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் வாங்கியவர் மூன்று மாதத்துக்குள் உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவிக்கவேண்டும்.

இப்போதே வாங்கி உயரமான இடத்தில் வைக்கவேண்டியவை: இருநூறு லிட்டர் டிரம் நான்கு, எஞ்சின் ஆயில் ஐம்பது லிட்டர், சீல் பிரிக்காத ப்ளீச்சிங் பவுடர் 25 கிலோ, மெக்கர் ஒன்று, ரப்பர் கையுறையும் பூட்ஸும் இருபது ஜோடி. பவுடரை ஆயில் பக்கத்தில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். பங்கு தர விரும்புகிறவர்கள் பதிலில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள், எந்த வழியில் அனுப்பலாம் என்று பிரித்துச் சொல்கிறோம்.