மறுமொழி: எழுத்துணரி இருக்கட்டும், அது தரும் படிக்கு என்ன பெயர்?

அன்பர்களுக்கு வணக்கம்.

ஸ்கேன் செய்த படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓ.சி.ஆர். மென்பொருளுக்குத் தமிழ்ப் பெயர் தேடி இந்த விவாத இழை நீண்டுகொண்டே போகிறது. ‘எழுத்துணரி’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, சுருக்கமாகவும் இருக்கிறது. அதன் முன்னால் ‘ஒளியியல்’, ‘ஒளிவழி’ என்று ஒட்டத்தான் வேண்டுமா? காசோலையின் அடியில் காந்த மையால் அச்சிட்ட எண்களைப் படிப்பது வேறு முறை. அதோடு சேர்த்துப் பேசும் இடத்தில் ‘ஒளி’க்கு வேலை உண்டு. பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் நமக்கு அது சுமைதான்.

எனக்குச் சொல் இல்லாமல் திண்டாட்டமாக இருப்பது வேறோர் இடத்தில். எழுத்துணரி தரும், இன்னும் யாரும் திருத்தாத அந்தக் கோப்பை என்னவென்று சொல்வது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் சிலர் சேர்ந்து ரப்பர் தோட்டப்பள்ளி ஆண்டு மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், எங்கள் ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன் முன்னின்று 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் காலத்துத் துண்டறிக்கைகள் என்று கிடைத்ததையெல்லாம் வருடி (ஸ்கேன் செய்து) வைக்கிறோம். அங்குலத்துக்கு 300 புள்ளியில் வருடினாலும் பழைய ஈய அச்சில் ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. ‘தோட்டம்’ என்பது ‘தேரட்டம்’ ஆகிறது, ‘பால்மரம்’ ‘பால்மாம்’ ஆகிறது. தமிழகம் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசாணையாக்குவதற்கு முந்தைய பழைய வடிவ லை, னை, றா, னா என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்தப் பிழைகளாவது கண்ணில் படும். எண்கள் படாது. நன்கொடைப் பட்டியலில் 3 வெள்ளி 8 வெள்ளியானால் எந்த அகராதியும் காட்டிக்கொடுக்காது. டெசராக்ட் என்ற எழுத்துணரி 4-ஆம் பதிப்பிலிருந்து நரம்பு வலையமைப்பைக் கொண்டு வரி வரியாகப் படிக்கிறது; மொத்தத்தில் பிழை குறைவுதான். ஆனால் இந்த வகைக் கருவிகள் பழகிய எழுத்து வரிசையின் பக்கம் சாயும். ‘தண்டல்’, ‘கிராணி’, ‘பிரட்டு’ மாதிரித் தோட்டத்துச் சொல் வந்தால், அதை அடித்துவிட்டு நல்ல தமிழ்ச்சொல் ஒன்றை வைத்துவிடலாம். படிக்கிறவருக்கு உறுத்தவே உறுத்தாது.

இப்படிப்பட்ட கோப்பு ‘தட்டச்சுப் படி’ என்ற பெயரில் ஊரெல்லாம் சுற்றுகிறது. ஒருவர் தன் தாத்தா வேலை செய்த தோட்டத்தின் பெயரைத் தேடுகிறார், கிடைக்கவில்லை. மலரில் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். அது ‘தேரட்டம்’ ஆகிக் கிடப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இனி வந்த பரிந்துரைகள். ஈப்போ ஐயா சொன்ன ‘பச்சைப்படி’ பேச்சில் நன்றாக இருக்கிறது. ஆனால் பச்சை என்றதும் எங்கள் பிள்ளைகள் நிறத்தைத்தான் நினைக்கிறார்கள், அட்டையில் பச்சைத் தாள் ஒட்டியும் விட்டார்கள். ஆசிரியை அக்காவின் ‘உணர்பாடம்’ பதிப்புத்துறைக்குச் சரி. பாடம், பாடவேறுபாடு என்று சுவடி பதிப்பித்தவர்கள் புழங்கிய சொல்தானே. பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னால் எத்தனையாவது பாடம் என்று கேட்பார்கள். ‘மெய்ப்புப் படி’ (பிழை பார்க்க எடுக்கும் அச்சுப்படி) அச்சகத்தாருக்கு உரியது, அதில் கை வைக்க வேண்டாம்.

என் பரிந்துரை ‘உணர்படி’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. எழுத்துணரியிலிருந்து வந்தது என்பதைச் சொல்லிலேயே காட்டுகிறது. ‘உணர்ந்தபடி’ என்று யாராவது மயங்குவார்கள் என்றால், ‘தட்டச்சுப் படி’, ‘கையெழுத்துப் படி’ எல்லாம் மயக்கமில்லாமல் ஓடுகின்றனவே. மனிதர் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டு முடித்த பின் ‘திருத்திய படி’ ஆகும். அதற்குப் புதுச்சொல் தேவையில்லை. பாதி திருத்தியது? அதுவும் உணர்படிதான், எத்தனை பக்கம் பார்த்தாயிற்று என்று மேலே குறித்துக்கொண்டால் போதும்.

மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள். பச்சை மட்டும் வேண்டாம்; ஒட்டிய தாளையே இன்னும் பிய்த்து முடிக்கவில்லை.