கைப்படி, தன்மாறி: கியர்ப்பெட்டிக்கு இரண்டு சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஓட்டுநரே கியர் மாற்றும் மேனுவல் கார், கியர் தானாக மாறும் ஆட்டோமேட்டிக் கார் ஆகிய இரண்டுக்கும் தமிழில் என்ன சொல்வது என்ற உரையாடலில் இதுவரை மூன்று முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. கைமுறைச் செலுத்தம், தானியங்கிச் செலுத்தம் என்பது நம் உரையாடலில் மூத்தவரான ஐயா அவர்கள் தந்த இணை. கைப்பல்லிணை, தற்பல்லிணை என்பது இரண்டாவது. மும்மிதி வண்டி, இருமிதி வண்டி என்பது மூன்றாவது. நான் மொழியறிஞன் அல்லன். வண்டி உதிரிபாகங்கள் செய்யும் பட்டறையில் பல ஆண்டுகளாக வரைபடம் பார்த்துக் கொண்டிருப்பவன். அந்தத் தகுதியில் மூன்றையும் பற்றி என் கருத்தைச் சொல்லிவிட்டு நான்காவதாக ஓர் இணையை வைக்கிறேன்.

கார் விற்கும் இணையப் பக்கங்கள் சிலவற்றின் தமிழ் வடிவத்தில், கையால் மாற்றும் கியர்ப்பெட்டியைக் குறிக்கும் 'மேனுவல் டிரான்ஸ்மிஷன்' என்பதற்குக் 'கையேடு பரிமாற்றம்' என்று ஒரு தொடர் உலவுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். மேனுவல் என்பதற்கு வழிகாட்டி நூல் என்றும் பொருள் உண்டாகையால், மொழிபெயர்ப்புப் பொறி கார் வாங்க வந்தவரின் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, அதை யாருடனோ மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டது. நாம் சொல் செய்யாமல் விட்டால் அந்த இடம் காலியாக இருக்காது, இப்படித்தான் நிரம்பும் என்பதனாலேயே இந்த உரையாடலைப் பொருட்படுத்துகிறேன்.

முதலில் 'தானியங்கி'. பணம் தரும் பொறி, தெருவிளக்கை அணைக்கும் கருவி, தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் இந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டோம். அது கூடப் பெரிய குறையன்று. ஆனால் 'தானியங்கி கார்' என்று நாளிதழில் படிப்பவர் மனத்தில் இன்று தோன்றுவது ஓட்டுநர் இல்லாமல் தெருவில் போகும் வண்டி. அப்படித் தோன்றுவது படிப்பவரின் பிழையன்று, சொல்லே அதைத்தான் சொல்கிறது. இயங்குவது வண்டி, தானாக இயங்கினால் அது தானியங்கி. ஆட்டோமேட்டிக் காரிலோ திருப்புவதும் முடுக்குவதும் நிறுத்துவதும் ஓட்டுநர்தாம். தானாக நடப்பது கியர் மாறுவது ஒன்றே.

இரண்டாவது, பல்லிணை. பற்கள் ஒன்றோடொன்று இணைவதைச் சொல்லும் அழகான சொல் இது; பற்சக்கரத்துக்கு அதை வைத்துக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. சிக்கல் சி.வி.டி. என்னும் ஆட்டோமேட்டிக் வகையில் வருகிறது. அதில் எஞ்சின் சுழற்சிக்கும் சக்கரச் சுழற்சிக்கும் இடையிலான விகிதத்தை மாற்றுவன பற்சக்கரங்கள் அல்ல. அகலம் கூடிக் குறையும் இரண்டு கப்பிகளும் அவற்றைச் சுற்றி ஓடும் பட்டையுமே வேகத்துக்கேற்ப விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றிக்கொண்டே போகின்றன. நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958இல் இந்த முறையில் கார் வெளியிட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, நம் தெருவில் ஓடும் கியரில்லா ஸ்கூட்டர்களின் உள்ளே இருப்பதும் இதே முறைதான். நம் வீட்டுப் பெரியவர்கள் ஆட்டோமேட்டிக் காரைக் 'கியர் இல்லாத கார்' என்று சொன்னால் நாம் திருத்தப் போகிறோம், சி.வி.டி. காரைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதே பொறியியலுக்கு நெருக்கம். பல்லே மாற்றாத ஒன்றைத் தற்பல்லிணை என்பது பொருந்தாது.

மூன்றாவது முன்மொழிவை அனுப்பிய நண்பரின் நுட்பத்தைப் பாராட்டுகிறேன். ஓட்டுநரின் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார். ஆனால் மிதிவண்டி என்ற சொல் நூறு கோடி முறை ஓடித் தேய்ந்த நாட்டில், மும்மிதி வண்டி என்றால் குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கரச் சைக்கிளே கண்ணில் வரும். தவிர, ஹூண்டாய் நிறுவனம் 2020இல் தன் வென்யூ வண்டியில் ஐ.எம்.டி. என்ற முறையைக் கொண்டுவந்தது. அதில் கிளட்ச் மிதி, அதாவது கியர் மாற்றும்போது எஞ்சினைக் கியர்ப்பெட்டியிலிருந்து பிரிக்க மிதிப்பது, கிடையாது, மிதி இரண்டே. ஆனாலும் கியர்த்தண்டை ஓட்டுநர்தான் கையால் தள்ள வேண்டும். தண்டில் கை அசைந்ததை உணரி ஒன்று அறிந்து சொல்ல, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஓர் உறுப்பு கிளட்சைத் தானே பிரித்துச் சேர்க்கிறது. மிதியை எண்ணினால் இது ஆட்டோமேட்டிக், கையைப் பார்த்தால் மேனுவல்.

இனி என் தரப்பு. சில மாதங்களுக்கு முன் என் அத்தை மகனுக்கு வண்டி பார்க்கப் போயிருந்தோம். இருபது ஆண்டுகளாகக் கிளட்ச் மிதித்துப் பழகிய அவர் ஆட்டோமேட்டிக் வண்டியில் உட்கார்ந்ததும், தெருமுனையில் வேகம் குறைக்கையில் இடது கால் தானாகக் கிளட்சைத் தேடிப் போய் அகன்ற பிரேக்கின் மேல் முழுதாக இறங்க, வண்டி குத்திட்டு நின்றது. பின்னிருக்கையில் இருந்த என் மூக்கு முன்னிருக்கையில் மோதியது. விற்பனைப் பிரிவுப் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இடது காலுக்கு வேலையே இல்ல சார், மடக்கி வச்சுக்கோங்க. கியர் அது பாட்டுக்கு மாறிக்கும்" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தில் நமக்கு வேண்டிய சொல் இருக்கிறது என்று வீட்டுக்கு வந்த பின்தான் உறைத்தது. அவன் 'மாற்றும்' என்று சொல்லவில்லை, 'மாறிக்கும்' என்றான். தமிழில் மாறு என்பது தன்வினை, மாற்று என்பது பிறவினை. வண்டி ஓடுகிறது, நான் ஓட்டுகிறேன். சக்கரம் உருள்கிறது, நான் உருட்டுகிறேன். கியர் மாறுகிறது, நான் மாற்றுகிறேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை இருப்பதனால் முன்னால் ஆட்டோமேட்டிக், மேனுவல் என்று அடைமொழி ஒட்ட வேண்டியிருக்கிறது. நமக்கு வினையடியே அந்த வேறுபாட்டைச் சுமந்துகொண்டு நிற்கிறது. அதை விட்டுவிட்டு அடைமொழியைப் பெயர்க்கப் பாடுபட்டுக் கொண்டிருக்கிறோம்.

ஆகவே ஆட்டோமேட்டிக்கு நான் முன்வைப்பது 'தன்மாறி'. தன்னில் தானே மாறிக்கொள்வது. தன்மாறி வண்டி, தன்மாறிப் பெட்டி என்று இரண்டுக்கும் இழுத்துக்கொள்ளலாம். உள்ளே பல் இருந்தாலும் பட்டை இருந்தாலும் சொல் பொய்க்காது.

இதற்கு நேர் இணையாகக் 'கைமாற்றி' என்று மேனுவலுக்கு வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். ஆனால் கைமாற்று என்பது வட்டியில்லாமல் நாலு நாளைக்கு வாங்கும் கடன். 'கைமாற்று வண்டி வைத்திருக்கிறார்' என்றால் யாரிடம் வாங்கினார், எப்போது திருப்பித் தருவார் என்று கேட்பார்கள். 'கை மாறிய வண்டி' என்றால் பழைய வண்டி. பணப்புழக்கம் நம் கைகளை முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டது.

அதனால் மேனுவலுக்கு வேறு வழியில் போகிறேன். கியர் என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் வழங்குகிறோம். பற்சக்கரம் ஒன்று, 'மூன்றாவது கியரில் போ' என்கையில் குறிக்கும் நிலை மற்றொன்று. இரண்டாவதற்குப் 'படி' என்பது இயல்பாகப் பொருந்துகிறது: முதற்படி, இரண்டாம்படி, பின்னோக்கிச் செல்லப் பின்படி. படியைக் கையால் ஏற்றி இறக்கும் வண்டி 'கைப்படி வண்டி'. ஐ.எம்.டி. வண்டியும் கைப்படிதான், கிளட்ச் மிதியில்லாக் கைப்படி என்றால் தீர்ந்தது.

கைப்படிக்குத் தற்படி என்று இணை வைக்காமல் ஏன் ஒன்றில் படியையும் மற்றொன்றில் மாறுதலையும் வைக்கிறேன் என்று கேட்கலாம். இருவகை வண்டிகளும் உண்மையிலேயே சமச்சீரானவை அல்ல. கையால் மாற்றும் காரில் படிகள் கட்டாயம் இருக்கும். தானே மாறும் வண்டியில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கைத்தறிக்கு எதிராக நாம் தன்தறி என்று சொல்லவில்லை, விசைத்தறி என்றுதான் சொன்னோம். நெசவாளர் எவரும் குழம்பவில்லை.

தன்மாறியின் உள்வகைகள் வாங்குபவரின் பணத்தோடு தொடர்புடையவை. 2014இல் மாருதி செலேரியோ வந்ததிலிருந்து குறைந்த விலையில் பரவிய ஏ.எம்.டி. என்பது உண்மையில் பழைய கைப்படிப் பெட்டியேதான். அதே பற்சக்கரங்கள், அதே கிளட்ச் தட்டு. கிளட்சை மிதிக்கவும் தண்டைத் தள்ளவும் கணினி ஏவும் ஒரு பொறி மேலே உட்கார்ந்திருக்கிறது. மனிதன் படி மாற்றுகையில் ஒரு கணம் இழுவை அறுபடுவது போலவே இதிலும் அறுபடும், தலை முன்னே ஒரு முறை ஆடி நிற்கும். எண்ணெய் சுழன்று விசையைக் கடத்தும் பழைய தன்மாறியில் அந்தத் திணறல் மிகக் குறைவு. அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் 1940ஆம் ஆண்டு வண்டிகளில் பரவலாக விற்கத் தொடங்கிய குடும்பம் அது. இரண்டு கிளட்சுகள் உள்ள வகையில் அடுத்த படி முன்கூட்டியே கோத்துத் தயாராக நிற்பதால் மாற்றம் மின்னலாக நடக்கும். இவை அனைத்தையும் 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒற்றைப் பலகையின் கீழ் விற்பதனால்தான் என் உறவினர் ஒருவர் ஏ.எம்.டி. வண்டியை வாங்கிய மறுவாரமே, வண்டியில் ஏதோ பழுது, ஒவ்வொரு முறையும் வெட்டுகிறது என்று பணிமனைக்குப் போய் நின்றார். பழுது ஒன்றுமில்லை. 'பொறிக்கைத் தன்மாறி' என்று பெயர் இருந்திருந்தால், உள்ளே ஒரு பொறியின் கை கைப்படியைப் போட்டுக்கொண்டிருக்கிறது என்பது வாங்கும்போதே அவருக்குப் புரிந்திருக்கும். மற்றவற்றை எண்ணெய்ச்சுழல் தன்மாறி, இரட்டைக் கிளட்ச் தன்மாறி, படியிலாத் தன்மாறி எனலாம். மின்வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே விகிதம், அங்கே எதுவும் மாறுவதில்லை. அதையும் ஆட்டோமேட்டிக் என்று விற்கிறார்கள். நாம் 'ஒருபடி வண்டி' என்று நேராகச் சொல்லிவிடலாம்.

மலைப்பாதையில் இந்தச் சொற்களை ஓட்டிப் பார்த்தேன். வால்பாறையிலிருந்து ஆழியாறு நோக்கி நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகையில், ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய ஓட்டுநர்களின் பாடம். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பிழக்கும். தாழ்ந்த படியில் எஞ்சினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும். தன்மாறியை அதன் போக்கில் விட்டால் இறக்கத்தில் மேற்படிக்கு ஏறிவிட வாய்ப்புண்டு. ஆகவே பல வண்டிகளில் கூட்டல், கழித்தல் குறியிட்ட பக்கத்துக்குத் தண்டைத் தள்ளி ஓட்டுநரே படியைத் தேர்ந்துகொள்ள வழி வைத்திருக்கிறார்கள். அதற்குக் 'கைப்படி முறை' என்ற பெயர் தானாக அமைகிறது: 'தன்மாறி வண்டியாக இருந்தாலும் இறக்கத்தில் கைப்படி முறைக்கு மாற்றி இரண்டாம்படியில் இறங்குக.' அறிவிப்புப் பலகையில் எழுதினால் புரியும் என்று நம்புகிறேன். 'மேற்படிக்கு' என்று மேலே எழுதும்போது பத்திரப்பதிவு நினைவுக்கு வந்ததை மறைக்கவில்லை.

அந்த வகை எதிர்ப்புகளையும் நானே சொல்லிவிடுகிறேன். படி என்றால் அரசு ஊழியருக்கு அகவிலைப்படியும் பயணப்படியும்தான். கைப்படி என்றால் கையில் தரும் படி என்று எண்ணிக்கொள்ளக்கூடும். எழுத்துத் துறையினருக்குக் கையெழுத்துப் படி தோன்றும். இவை இருக்கட்டும். வண்டி என்ற சொல் அருகில் வந்ததும் அந்தக் குழப்பம் நில்லாது. கைமாற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, ஏனெனில் வண்டியையும் கைமாற்றாக வாங்கலாம்.

சட்டப் பயன்பாட்டையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் கார் உரிமம் இவ்விரு வகைகளையும் பிரிப்பதில்லை. கியர் உள்ளது, இல்லாதது என்ற பிரிவு இருசக்கர வண்டிக்கு மட்டுமே. சிங்கப்பூரில் 3ஏ வகை உரிமம் பெற்றவர் ஆட்டோமேட்டிக் கார் மட்டுமே ஓட்டலாம், மலேசியாவில் டி.ஏ. வகையும் அத்தகையதே. இரண்டு நாட்டிலும் தமிழில் ஓட்டுநர் பாடம் நடத்துபவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டிய தேவை நம்மைவிட அதிகம். அங்குள்ள நண்பர்கள் 'தன்மாறி உரிமம்' வாயில் வருகிறதா என்று சொல்லிப் பார்த்து எழுத வேண்டுகிறேன்.

இரண்டுக்கும் பொதுவான பெட்டிக்குச் 'செலுத்தம்' என்பதைவிட 'விசைமாற்றி' சிறப்பு என்று கருதுகிறேன். மின்மாற்றி மின்னழுத்தத்தைக் குறைத்து மின்னோட்டத்தைக் கூட்டித் தருவது போலவே, இந்தப் பெட்டி சுழலும் வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டித் தருகிறது. பொதுவழக்கில் விசை என்பது வேகத்தையும் குறிப்பதால் இரண்டு பக்கமும் அச்சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. விசைப்பலகையை நினைத்துக்கொண்டு யாரேனும் மறுத்தால் கேட்டுக்கொள்ளச் சித்தமாக இருக்கிறேன்.

கிளட்ச் ஒன்று மிஞ்சுகிறது. உரசிணைப்பி என்று சிலர் எழுதுகிறார்கள். உறுப்பின் வேலையைச் சரியாகச் சொல்லும் சொல். ஆயினும் மேட்டில் வண்டி பின்னால் சரிகிறபோது பக்கத்தில் இருப்பவர் 'பாதி கிளட்ச், பாதி கிளட்ச்' என்று கத்துவதற்கு அது நீளம். பட்டறைக் குறிப்பில் உரசிணைப்பி, தெருவில் கிளட்ச் என்று விட்டுவிடலாம் என்பது என் நிலை. முதல் இணையைத் தந்த ஐயா அவர்களுக்கு இதில் உடன்பாடு இராது என்று தெரியும். அவருடைய சொல்லுக்காகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்.