தென்மேற்குப் பருவமழை குறைந்தது காலச் சுழற்சியாலா, மனிதர் கிளப்பிய புகையாலா?

காவிரிக்கரையான்:
1951 முதல் 2015 வரையிலான காலத்தில் ஜூன்–செப்டம்பர் மழை ஏறத்தாழ 6 சதவீதம் குறைந்திருக்கிறது என்கிறது மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை. கங்கைச் சமவெளிக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும்தான் அடி அதிகம். குடகில் மழை பொய்த்தால் டெல்டாவில் குறுவை போச்சு. 2012 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12 அன்று திறக்க முடியவில்லை. புவி வெப்பமாதல்தான் இதற்குக் காரணம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

விண்ணோக்கி:
நான் மறுக்கிறேன். முதலில் மேட்டூரை விடுங்கள். அதில் மழையோடு மாநிலங்களின் தண்ணீர்த் தகராறும் கலந்திருக்கிறது.

மழைக்கு வருவோம். 2022 ஏப்ரலில் வானிலை ஆய்வுத் துறை பருவமழையின் நீண்டகாலச் சராசரியை 88 செ.மீ.யிலிருந்து 87 செ.மீ. ஆகக் குறைத்தது. அப்போது அவர்கள் சொன்ன காரணம் இயற்கையான ஏற்ற இறக்கம். சில பத்தாண்டுகள் ஈரமாகப் போகும், சில பத்தாண்டுகள் வறண்டு போகும். 1920களிலிருந்து 1960கள் வரை பொதுவாக நல்ல மழை, 1970களிலிருந்து வறண்ட கட்டம். நல்ல மழைக்காலத்தின் நடுவில், 1951இல் வரைபடத்தை ஆரம்பித்தால் அதன் கோடு கீழ்நோக்கித்தானே போகும்? 1877, 1899, 1918 ஆண்டுகளில் நாடே காய்ந்தது. அப்போது காற்றில் எவ்வளவு கரியமில வாயு இருந்தது?

மழைமானி:
விண்ணோக்கி சார், அந்த மூன்றும் தனித்தனி வருடங்கள். மூன்றிலுமே எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை, இருந்தது. ஒரு வருடம் மழை பொய்ப்பதும் ஐம்பது வருடமாகச் சராசரி சரிவதும் வேறு வேறு கேள்விகள். முதலாவதற்கான பதிலை வைத்து இரண்டாவதை மூட முடியாது.

காவிரிக்கரையான், உங்கள் பக்கத்திலும் ஓட்டை இருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆகவே கரியமில வாயு மட்டும் கூடியிருந்தால் பருவமழை அதிகமாகியிருக்க வேண்டும். குறைந்தது ஏன் என்பதுதான் விளக்க வேண்டிய விஷயம்.

எனக்கு வலுவாகப் படும் விடை காற்றில் மிதக்கும் நுண்துகள்கள். நிலக்கரி, டீசல், அடுப்புப் புகை எல்லாம் சேர்ந்து வட இந்தியாவின் மேல் வெயிலை மறைக்கின்றன. நிலம் சூடாகிக் கடல் குளிர்ச்சியாக இருக்கும் வேறுபாடுதான் காற்றை உள்ளே இழுக்கிறது. புகை நிலத்தைச் சூடாக விடவில்லை. மறுபக்கம் இந்தியப் பெருங்கடல் அதே 1951–2015 காலத்தில் சுமார் 1 டிகிரி சூடானது. உலகக் கடல்பரப்பின் சராசரியே 0.7தான். இரண்டு பக்கமும் சேர்ந்து அந்த வேறுபாட்டைத் தேய்த்துவிட்டன. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழு 2015இல் கடல் பக்கத்தைக் காட்டியது. புகைதான் முதன்மைக் காரணம் என்று 2021இல் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் அறிக்கையும் எழுதியது.

செங்காடு:
காட்டை வெட்டியதை ஒருவரும் பேசவில்லையே! ஆகஸ்ட், செப்டம்பரில் கங்கைப் படுகையில் பெய்யும் மழையில் கால் பங்கு வரை அந்த நிலமும் மரங்களும் வெளிவிட்ட ஈரம்தான். காடு வயலானால் அந்த ஈரம் குறையும்.

விண்ணோக்கி:
செங்காடு சொல்வது ஒரு பகுதிக்குப் பொருந்தலாம், ஆனால் அதே சமவெளியில் பாசனம் பெருகி ஈரம் கூடியதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மழைமானிக்கு ஒரே கேள்வி. 2002க்குப் பிறகு மத்திய, வட இந்தியாவில் மழை மீண்டு வந்திருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அந்த வருடங்களில் இந்தியாவில் அனல் மின்நிலையங்கள் பெருகின, புகை குறையவே இல்லை. உங்கள் கணக்குப்படி மழை இன்னும் சரிந்திருக்க வேண்டாமா? புகையைப் பற்றிய முடிவுகள் பெரும்பாலும் கணினி மாதிரிகளிலிருந்து வருபவை. அந்த மாதிரிகளில் பல, நம் பருவமழையின் சராசரியையே சரியாகக் காட்டுவதில்லை.

மழைமானி:
நியாயமான கேள்வி. 2002க்குப் பிறகு நிலம் கடலைவிட வேகமாகச் சூடானது, வேறுபாடு திரும்பியது, மழையும் திரும்பியது. அதாவது இயங்கும் முறை நான் சொன்னதேதான். வெப்பமாதலின் கை புகையின் கையை மிஞ்ச ஆரம்பித்துவிட்டது என்று நான் படிக்கிறேன். நீங்கள் சுழற்சி என்று படிப்பீர்கள். இருபது வருடத் தரவு இருவரையும் தீர்க்கப் போதாது, ஆனால் உங்கள் சுழற்சியை எது ஓட்டுகிறது என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

காவிரிக்கரையான்:
சராசரியை மட்டும் வைத்துச் சண்டை போடுவது எனக்கு உறுத்துகிறது. மத்திய இந்தியாவில் பரவலான அதிகனமழை நிகழ்வுகள் 1950க்கும் 2015க்கும் இடையில் மூன்று மடங்கானதாக 2017 ஆய்வு ஒன்று காட்டியது. மொத்தம் குறைந்து, பெய்யும்போது மட்டும் கொட்டுகிறது. இதை வெறும் சுழற்சி எப்படி விளக்கும்? நடவு செய்தவனுக்கு மூன்று நாளில் கொட்டிய மழையும் ஒன்றுதான், பெய்யாத மழையும் ஒன்றுதான்.

விண்ணோக்கி:
அதிகனமழைக்குச் சூடான அரபிக்கடல் ஈரம் ஊட்டுகிறது, அதை நான் மறுக்கவே இல்லை. பருவத்தின் மொத்தச் சரிவைப் பற்றித்தான் என் வாதம். 2030களில் ஈரக் கட்டம் தொடங்கலாம் என்று வானிலை ஆய்வுத் துறையே எதிர்பார்க்கிறது. பார்ப்போம்.

மழைமானி:
பார்த்துக்கொண்டே இருக்க நேரமில்லை சார். அனல் மின்நிலையங்கள், காற்றில் நுண்துகளாக மாறும் கந்தக வாயுவை வடிகட்ட வேண்டும் என்று 2015இல் விதி வந்தது, கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது, 2025இல் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். எல்லா நிலையங்களிலும் வடிகட்டியைப் போட்டால் மழைக்கு உதவும் என்று நினைக்கிறேன். அதோடு புகை மறைத்து வைத்திருந்த வெப்பமும் வெளியே வரும். அப்போது மழையும் கூடும், வெயிலும் கூடும். அதற்கு எந்த மாநிலம் தயாராக இருக்கிறது என்று தேடுகிறேன்.

விண்ணோக்கி:
வடிகட்டியை நுரையீரலுக்காகவே போட வேண்டும், அதில் உங்களோடு நிற்கிறேன். மழை வரும் என்று சொல்லி விவசாயியிடம் விற்காதீர்கள்.