விட்ஸ் காருக்கு எந்தப் பற்றரி? ஏஜிஎம் இரட்டை விலைக்குப் பெறுமதியா?

சுன்னாகத்தான்:
வணக்கம். 2008 ரொயோட்டா விட்ஸ், நானும் அப்பாவும் ஓடுவது. பற்றரி போட்டு மூன்று வருடம் ஆகப் போகிறது. ஒரு கிழமையாகக் காலையில் திறப்பைத் திருப்பினால் இழுத்து இழுத்துத்தான் ஸ்ரார்ட் ஆகிறது. ரவுனில் ஒரு கடையில் ஏஜிஎம் போடுங்கோ, பிறகு திரும்பியே பார்க்கத் தேவையில்லை என்றார்கள், விலை சாதாரண சீல் பற்றரியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்பா மொறிஸ் மைனர் காலத்து ஆள், மூடி திறந்து தண்ணி விடாததை அவர் பற்றரி என்றே கணக்கெடுக்க மாட்டார். கார் பெரிதாக ஓடுவதில்லை, சந்தைக்கும் கோயிலுக்கும்தான், கிழமையில் நாலு நாள் சும்மா நிற்கும். எது காசுக்குப் பெறுமதி?

கொக்குவில்_கராஜ்:
தம்பி, வாங்க முதல் அளந்து பாருங்கோ. இரவு முழுக்க நின்ற காரில் காலையில் மீற்றரை வைத்தால் 12.6 வோல்ற் காட்ட வேண்டும், 12.2 என்றால் அரைவாசிதான் இருக்கு. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வராவிட்டால் பிழை ஆல்டர்னேற்றரில், அதை விட்டுவிட்டுப் புதுப் பற்றரி போட்டால் அதையும் சேர்த்துத்தான் கொல்லுவீர்கள்.

ஏஜிஎம் கூடாத சாமான் இல்லை. அசிட்டைக் கண்ணாடி நார்ப் பாயில் ஊற வைத்திருப்பதால் சிந்தாது, வாயுவும் அதிகம் வெளியே வராது, அதனால்தான் பற்றரி உள்ளுக்குள் இருக்கிற ஹைபிரிட் கார்களுக்கு அது. சிக்னலில் தானாக நின்று தானாக எழும்புகிற கார்களுக்கும் ஏஜிஎம் அல்லது ஈஎஃப்பி (சாதாரண அசிட் பற்றரியையே இன்னும் பலமாகச் செய்த வகை) போடத்தான் வேண்டும், அதில் காசு மிச்சம் பிடிக்கப் போகக்கூடாது. உங்கள் விட்ஸில் அந்த வேலை இல்லை என்றால் எதற்கு? எங்கள் வெயிலில் பொனற்றுக்குக் கீழே கிடந்து வேகும், கூடச் சார்ஜ் ஏறி ஒருக்கால் காய்ந்தால் திரும்பத் தண்ணி விடவும் வழியில்லை.

மானிப்பாய்_மூடி:
அப்பா சொல்வது முழுப் பிழை இல்லை. மூடி வைத்த பழைய மாதிரியில் ஈயத் தகட்டோடு அன்ரிமனி கலந்திருக்கும், தண்ணி குடிக்கும், சும்மா நின்றாலும் கொஞ்சம் கூட இறங்கும், ஆனால் அடிமட்டம் வரை இறங்கினாலும் திரும்ப எழும்பும். சீல் வகையில் கல்சியம், தண்ணி குறைவது மிகக் குறைவு, ஆனால் நாலைந்து தரம் முழுதாக இறங்கினால் கதை முடிந்தது. என்னுடையது மூடிப் பற்றரி, நாலரை வருடம் ஓடியது. ஒன்று சொல்ல வேண்டும், அவசரத்துக்குக் கூட கிணற்றுத் தண்ணி விடாதீர்கள். எங்கள் ஊர் சுண்ணாம்புத் தண்ணி கேத்திலுக்குள் செய்கிற வேலையைப் பார்த்திருப்பீர்கள்தானே. முந்திய பற்றரியை நான் அப்படித்தான் கெடுத்தேன், வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுவார்கள்.

சுன்னாகத்தான்:
அளந்தேன். காலையில் 12.1, எஞ்சின் ஓடும்போது 14.2. அப்ப ஆல்டர்னேற்றர் சரிதானே? இன்னொன்று, போன மாதம் அண்ணா கனடாவில் இருந்து அனுப்பிய டாஷ் கமராவைப் பூட்டினோம், கார் நிற்கும்போதும் அது ஓடும். அதுவும் காரணமாக இருக்குமோ?

கொக்குவில்_கராஜ்:
முதலே சொல்லியிருக்கலாமே! கால் அம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 6 அம்பியர்-மணி, 45 அம்பியர்-மணிப் பற்றரி நாலு நாளில் பாதிக்குக் கீழே. சந்தைக்குப் போய் வருகிற பத்து நிமிடத்தில் அது திரும்ப ஏறாது. குறையாகவே கிடந்தால் தகட்டில் சல்பேற் இறுகும், ஏஜிஎம் என்றாலும் அதே கதிதான். முதல் கமராவின் வயரைத் திறப்பு போட்டால் மட்டும் கரண்ட் போகிற இடத்துக்கு மாற்றுங்கோ, இந்தப் பற்றரியைக் கராஜில் கொடுத்து ஆறுதலாக ஒரு இரவு சார்ஜ் போட்டுப் பாருங்கோ. அதுக்குப் பிறகும் ஸ்ரார்ட் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் மாற்றுங்கோ.

பருத்தித்துறையான்:
மாற்றுவதென்றால் பழையதின் நம்பரை அப்படியே எழுதிக்கொண்டு போங்கோ. 46B24L என்றால் 24 அதன் நீளம் சென்றிமீற்றரில், கடைசி எழுத்து பிளஸ் முனை எந்தப் பக்கம் என்பது. L க்குப் பதில் R வாங்கி வந்து வயர் எட்டாமல் நின்ற ஆள் நான். LS என்று இருந்தால் முனை தடிப்பம். செய்த திகதியையும் பாருங்கோ, தட்டில் ஒரு வருடம் கிடந்ததைப் புதுசு விலைக்கு ஏன் வாங்குவான்? பழைய பற்றரியைச் சும்மா கொடுத்துவிடாமல் ஈயத்துக்கு விலை கழிக்கச் சொல்லுங்கோ. வாரண்டி எத்தனை மாதம் என்று கேட்டு விலையை அதால் பிரித்துப் பார்த்தால் எது மலிவு என்று உடனே தெரியும்.

நாவற்குழி_சோலர்:
வீட்டில் இன்வேட்டருக்கு வாங்கிய ரியூபுலர் பற்றரி ஒன்று மிச்சம், அதைக் காருக்குப் போடலாமா?

மானிப்பாய்_மூடி:
வேண்டாம். அது தடித்த தகடு, மெதுவாக நெடுநேரம் கொடுக்கத்தான். ஸ்ரார்ட்டருக்கு இரண்டு செக்கனில் நூற்றுக்கணக்கான அம்பியர் வேண்டும். அதோடு அந்த உயரத்துக்கு பொனற் பூட்டாது.

சுன்னாகத்தான்:
எல்லோருக்கும் நன்றி. கமரா வயரை மாற்றியாச்சு, சார்ஜ் போட்ட பிறகு மூன்று நாளாக 12.5 நிற்கிறது, இப்போதைக்கு வாங்கவில்லை. அடுத்த முறை மூடிப் பற்றரிதான் என்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டேன், தண்ணி பார்ப்பது அவர் பொறுப்பு.