மறு: நிறை எண் – ‘கருத்தொகை’ சரிப்படுமா?

எல்லோருக்கும் வணக்கம்.

அணுக்கருவில் இருக்கும் புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கையை (mass number) ‘நிறை எண்’ என்கிறோம்; அதை ‘கருத்தொகை’ (கரு + தொகை) என்று மாற்றலாமே என்பது என் யோசனை. நம் அப்பா காலத்திலிருந்து பாடநூலில் இருக்கும் ‘நிறை எண்’ணை இப்போது ஏன் நோண்ட வேண்டும் என்று கேட்டவர்களுக்காக இந்த மடல்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை வேளையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். போன வாரம் ஆவர்த்தன அட்டவணையைச் சுவரில் மாட்டி, புரோட்டான், எலக்ட்ரான், நியூட்ரான் கணக்குப் போடச் சொன்னேன். முதல் இரண்டில் தகராறு இல்லை: அணு எண் எவ்வளவோ அத்தனை புரோட்டான், அயனியாகாதவரை எலக்ட்ரானும் அத்தனையே. மூன்றாவதில்தான் வம்பு. ஒரு பெண், செம்பின் கட்டத்தில் இருந்த 63.55-ஐ முழு எண்ணாக்கி 64 என்று எழுதி, செம்பின் அணு எண்ணான 29-ஐக் கழித்து, 35 நியூட்ரான் என்று போட்டிருந்தாள். நானும் சிவப்புப் பேனாவால் சரி போட்டுவிட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போதுதான் உறைத்தது. இயற்கையில் கிடைக்கும் செம்பில், நிறை எண் 63, 65 என்று இரண்டே ஐசோடோப்புகள் (நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் அணு வகைகள்). நியூட்ரான் 34 இருக்கும், இல்லாவிட்டால் 36; வீட்டுத் தவலையை உருக்கித் தேடினாலும் 35 அகப்படாது. இரண்டும் ஏறக்குறைய 69-க்கு 31 என்று கலந்து கிடப்பதால் வந்த சராசரிதான் அந்த 63.55. வெள்ளியும் இதே கதை: 107.87, முழு எண்ணாக்கினால் 108, ஆனால் இருப்பதோ 107-ம் 109-ம். சில்வர் பீச் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு வெள்ளிக்குத் தப்புக் கணக்கு சொல்லித்தரலாமா!

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அணு நிறை, நிறை எண், இரண்டிலும் ‘நிறை’ இருந்தால், ஒன்றை முழு எண்ணாக்கினால் மற்றது வந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நிறை எண் எடையே கிடையாது, கருவுக்குள் எத்தனை துகள் என்று தலை எண்ணுவது. இலங்கை நண்பர்களின் ‘திணிவெண்’ணிலும் திணிவு, அதாவது அதே நிறை, உட்கார்ந்திருக்கிறது, அதனால் அதுவும் உதவாது.

‘கருத்துகள் எண்’ என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். கரு, துகள், புணர்ச்சி எல்லாம் சுத்தம்தான், ஆனால் அதைக் கரும்பலகையில் எழுதினால் யார் யார் கருத்து சொன்னார்கள் என்று கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி வரும். ‘அணுக்கருத் துகள் எண்ணிக்கை’ தெளிவாக இருக்கிறது, வாய்தான் வலிக்கும்.

அதனால்தான் கருத்தொகை. மக்கள்தொகை என்றால் தலைக்கணக்கு என்று எல்லோருக்கும் தெரியும், அதை யாரும் தராசில் வைப்பதில்லை, அது புள்ளி வைத்த எண்ணாக வராது என்பதும் பிள்ளைக்கே புரியும். கருத்தொகையில் அணு எண்ணைக் கழித்தால் நியூட்ரான். அட்டவணையில் கருத்தொகை அச்சிட்டிருக்காது, செம்பு-65 என்று கேள்வியிலேயே கொடுக்க வேண்டும். கட்டத்தில் இருப்பதைச் ‘சராசரி அணு நிறை’ என்று முழுசாகச் சொல்லுங்கள், ‘சராசரி’யை விழுங்க வேண்டாம்.

தொகை என்றால் பணம் என்று நினைப்பார்களே என்பது நியாயமான ஆட்சேபம்தான். ‘நிறை’ செய்கிற குழப்பத்துக்கு இது எவ்வளவோ தேவலை என்பது என் எண்ணம். புதுச்சேரிப் பக்கம் பாடம் எடுப்பவர்கள் வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மறுநாள் அந்த நோட்டை வாங்கி, நான் போட்ட சரியை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘எந்தச் செம்பு?’ என்று எழுதிக் கொடுத்தேன். “செம்பில் எத்தனை செம்பு சார்?” என்றாள்.