மே மாத வெயிலில் ஓடினவர்கள், பார்த்ததைப் பகிருங்கள்

திருவான்மியூர்:
ஈசிஆரில் ஒரு ஹாஃப் மாரத்தான், 21 கிலோமீட்டர். விடியும் முன்பே தொடங்கிவிட்டார்கள். சென்னை மே மாதத்தில் அதனால் என்ன பெரிய லாபம் என்று உங்களுக்கே தெரியும், சூரியன் வருவதற்குள் பனியனைப் பிழியலாம். கோவளம் பக்கம், ஃபினிஷுக்குக் கொஞ்ச தூரம்தான். எனக்கு முன்னால் நல்ல வேகத்தில் போனவர் சட்டென்று திரும்பி எங்களை நோக்கி ஓடி வந்தார். "சார், ஃபினிஷ் அந்தப் பக்கம்" என்றேன். "இல்ல சார், இதோ பந்தல் தெரியுது பாருங்க" என்று வெறும் சவுக்குத்தோப்பைக் காட்டினார். குரலில் துளி சந்தேகம் இல்லை. நாலு எட்டு வைத்ததும் மடங்கி விழுந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது, ஆனால் வியர்வை நிற்கவே இல்லை.

ஆம்புலன்ஸ் வரத் தாமதமானது. சாலையோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா பெட்டியிலிருந்த ஐஸை மொத்தமாக அவர் மேல் கொட்டினார். "கழுத்துல, கக்கத்துல வெச்சு அமுக்குங்க தம்பி, பாத்துக்கிட்டே நிக்காதீங்க." செதில் ஒட்டிய ஐஸை அள்ளி அள்ளி வைத்தோம். வண்டி வந்தபோது தன் பெயரைச் சரியாகச் சொன்னார். பிழைத்துவிட்டார். அந்த அம்மாவின் வஞ்சிரம் வெறும் பெட்டியில் வெயிலில் கிடந்தது. அந்த நஷ்டத்தை யாராவது ஈடுகட்டினார்களா என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

மதுரை:
தண்ணீர் குடிக்காமல் ஓடியிருப்பார். அழகர்கோவில் சாலையில் ஒருவர் இப்படித்தான் உட்கார்ந்துவிட்டார், இளநீர் கொடுத்ததும் எழுந்தார். அதனால் சொல்கிறேன், வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் வேண்டும். ஏசி ஜிம்மில் ஓடிவிட்டு நேராகப் பந்தயத்துக்கு வராதீர்கள். கடிகாரத்தில் வேகத்தைப் பார்க்காமல் மூச்சைக் கவனியுங்கள். குளிர்காலத்து நேரத்தை மே மாதத்தில் எட்ட நினைக்காதீர்கள். முந்தின இரவு தூங்காதவர், காய்ச்சலிலிருந்து எழுந்தவர் வீட்டிலேயே இருங்கள். அப்புறம், தாகம் வரும் முன்பே குடியுங்கள், வழியில் தண்ணீர் வைத்திருக்கும் ஒவ்வொரு மேசையிலும் இரண்டு டம்ளர்.

கோவை:
கடைசி வரியை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். என் தோழியின் முதல் ஃபுல் மாரத்தான் அது. மெதுவாக ஓடி, ஒரு மேசை விடாமல் குடித்தாள். முடித்ததும் "மோதிரம் இறுக்குதுடி" என்றாள். விரல் அப்படி வீங்கியிருந்தது, சோப்பு போட்டும் கழலவில்லை. தலைவலி, வாந்தி. சுற்றி நின்றவர்கள் இன்னும் தண்ணீரைத்தான் நீட்டினார்கள்! மருத்துவமனையில் பார்த்தால், அளவுக்கு மீறிக் குடித்ததில் ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பு, இறங்கியிருந்தது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு இப்படிக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கே ஆபத்து அதிகம். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

திருவான்மியூர்க்காரர் பார்த்தது வேறு, வெப்பத் தாக்குதல். வேகமாக ஓடும்போது தசையில் உண்டாகும் சூடு வெளியேற வியர்வை காய வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் காயாது, சூடு உடம்பிலேயே தங்கிவிடும். குடித்துக்கொண்டே ஓடினாலும் அது வரும்.

தோஹா:
ஊர் நாகப்பட்டினம். 2019 உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை இங்கே கார்னிஷ் கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தேன். வெயிலுக்குப் பயந்து இரவு 11.59க்குத் தொடங்கினார்கள். அப்போதும் 30 டிகிரிக்கு மேல். சும்மா நின்ற எனக்கே சட்டை முதுகில் ஒட்டியது. உலகத்தின் தேர்ந்த ஓட்டக்காரிகள் 68 பேர் கிளம்பியதில் 28 பேர் முடிக்கவில்லை. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதமே டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானை வடக்கே சப்போரோவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் 2021 ஆகஸ்டில் ஆண்கள் 106 பேரில் 30 பேர் பாதியில் நின்றார்கள். தண்ணீர் குடிக்கத் தெரியாதவர்களா அவர்கள்?

திருவான்மியூர்:
மதுரை அண்ணா, அவர் கையில் பாட்டில் இருந்தது. பாதி காலி.

அமெரிக்காவில் ஃபால்மவுத் என்ற ஊரில் ஆகஸ்டில் 11 கிலோமீட்டர் பந்தயம் நடக்கிறது. முடிவிடத்திலேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பார்கள். 18 ஆண்டுப் பதிவுகளில் வெப்பத் தாக்குதலுக்கு ஆளான 274 பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை. முதலில் குளிர வைத்துவிட்டு அப்புறம்தான் மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நம் ஊரில் டி-ஷர்ட்டும் மெடலும் தருகிறார்கள், சரி. கோடையில் பந்தயம் நடத்துகிறவர்களிடம் பணம் கட்டும் முன் தொட்டி உண்டா என்று கேளுங்கள். நான் இந்த மாதம் இருவரிடம் கேட்டேன், ஒருவர் மட்டும் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.