கீழிருந்து மேலே செல்லும் செய்தி ஏன் மாறிவிடுகிறது?

கேள்வி:
எங்கள் நிறுவனத்தில் பணியாளர், மேற்பார்வையாளர், பிரிவு மேலாளர், துறைத் தலைவர் என நான்கு படிகள் உள்ளன. மேலிருந்து வரும் சுற்றறிக்கை அன்றே எல்லோரையும் எட்டிவிடுகிறது. ஆனால், ஓர் இயந்திரம் அடிக்கடி நின்றுபோவதாகப் பணியாளர்கள் கொடுத்த புகார், துறைத் தலைவரிடம் சேரும்போது ‘சிறு பராமரிப்புப் பணி நிலுவையில் உள்ளது’ என்றாகிவிட்டது. இடையில் எவரும் பொய் சொன்னதாகத் தெரியவில்லை. இது ஏன் நேர்கிறது? துறைத் தலைவருக்கு நேரே எழுதினால் ஒழுங்கு மீறலாகிவிடுமா?

பதில் 1:
பொய் தேவையில்லை, ஐயா. ஒவ்வொரு படியிலும் ஒருவர் தாம் கேட்டதைச் சுருக்குகிறார். சுருக்கும்போது, தம் பிரிவின் மீது குறை வந்துவிடக் கூடாது என்ற எண்ணத்தில் சொல்லைச் சற்றே மென்மையாக்குகிறார். இடையில் உள்ள இருவர் இவ்வாறு செய்தாலே புகார் வெறும் தகவலாகத் தேய்ந்துவிடும்.

இதன் விலை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்குச் சாலஞ்சர் விண்கலம் சான்று. 1986 ஜனவரி 28 அன்று அது ஏவப்படுவதற்கு முந்தைய இரவில், ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் கடுங்குளிரில் சரியாக இயங்காமல் போகலாம் என்று அந்த ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களுடைய நிறுவன நிர்வாகமே அந்த எதிர்ப்பைப் பின்னர் ஒதுக்கிவைத்தது; ஏவுவதற்கு இறுதி ஒப்புதல் தந்த நாசா உயரதிகாரிகளுக்கு அப்படியொரு விவாதம் நடந்ததே தெரியாது என்று விசாரணை ஆணையம் பதிவு செய்தது. ஏழு பேர் உயிரிழந்தார்கள்.

ஆகவே, மேலே அனுப்பும் அறிக்கையில் முதலில் புகார் செய்தவரின் சொற்களை அப்படியே இணைக்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள். சுருக்கம் இருக்கட்டும், ஆனால் அது மூலத்தின் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

பதில் 2:
உங்கள் சிக்கல் துறைத் தலைவர் வரை போக வேண்டியதுதானா என்பதையும் பாருங்கள். உற்பத்திப் பிரிவின் மேற்பார்வையாளரும் பராமரிப்புப் பிரிவின் மேற்பார்வையாளரும் நேரில் பேசினாலே தீரக்கூடிய செய்தி, ஒரு பிரிவில் மேலேறி மற்றொன்றில் கீழிறங்குவதால்தான் பல நாட்கள் வீணாகின்றன. பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளரும் நிர்வாகியுமான ஆன்றி ஃபயோல் 1916-இலேயே இதற்கு வழி சொன்னார்: ஒரே படியில் உள்ள இருவர் தத்தம் மேலதிகாரிகளின் இசைவோடு நேரடியாகப் பேசி முடிவெடுக்கலாம், எடுத்த முடிவை உடனே அவர்களுக்குத் தெரிவித்துவிட வேண்டும். இதில் அதிகாரப் படியும் குலைவதில்லை, வேலையும் நிற்பதில்லை.

பதில் 3:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் ‘எல்லோரும் எல்லோருடனும் பேசட்டும்’ என்று விட்டுவிடாதீர்கள். ஐந்து பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசும் வழிகள் 10. பத்துப் பேருக்கு 45. இருபது பேருக்கு 190. ஆள் இரட்டிப்பானால் வழிகள் நான்கு மடங்குக்கும் மேலாகப் பெருகுகின்றன. ஒரே வாட்ஸ்அப் குழுவில் அனைவரையும் சேர்த்துவிட்டு, அவசரச் செய்தியை வாழ்த்துச் செய்திகளுக்கிடையே தேடும் அலுவலகங்கள் பல உள்ளன. எந்தச் செய்திக்கு எந்த வழி, எத்தனை நாளுக்குள் யார் பதில் தர வேண்டும் என்று எழுதி வைப்பதே பயன் தரும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பாதுகாப்பு தொடர்பான செய்திக்கும் இதே முறைதானா?

பதில் 1:
இல்லை. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் படிகளுக்காகக் காத்திருக்கக் கூடாது. வேலையை நிறுத்தும் அதிகாரம் உள்ளவருக்கு உடனே வாய்மொழியாகச் சொல்லுங்கள், பிறகு நேரத்தைக் குறிப்பிட்டு எழுத்திலும் அனுப்புங்கள். மற்றவற்றுக்கு, மேற்பார்வையாளருக்கும் ஒரு நகல் அனுப்பி மேலாளருக்கு எழுதுங்கள். அவருக்குத் தெரியாமல் எழுதினால்தான் மனத்தாங்கல் வரும்; அவருடைய பெயரும் அந்த மின்னஞ்சலில் இருந்தால், பெரும்பாலும் அவரே உங்களுக்குத் துணை நிற்பார்.